விற்பதா, வைத்திருப்பதா: நெய்வேலியில் நின்று பார்த்தால்

2013 ஜூலையில் நெய்வேலியில் கிட்டத்தட்ட இரண்டு வாரம் வேலைநிறுத்தம் நடந்தது. அங்கே பழுப்பு நிலக்கரி எடுக்கும் பொதுத்துறை நிறுவனமான என்.எல்.சி.யின் பங்குகளில் அப்போது 93.56 சதவீதம் மத்திய அரசிடம் இருந்தது. பங்குச்சந்தையில் உள்ள பொதுத்துறை நிறுவனத்தில் குறைந்தது 10 சதவீதமாவது வெளியாரிடம் இருக்க வேண்டும் என்பது, பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியின் அன்றைய விதி. அதற்கான கெடு ஆகஸ்ட் 8. ஆக, விற்க வேண்டியிருந்தது வெறும் 3.56 சதவீதம். அதற்குத்தான் சுரங்கத்தில் வேலை நின்றது. அன்றைய முதல்வர் ஜெயலலிதா, அந்தப் பங்குகளைத் தமிழ்நாடு அரசின் நிறுவனங்களே வாங்கிக்கொள்ளும் என்று பிரதமருக்கு எழுதினார். டிட்கோ, சிப்காட் உள்ளிட்ட ஐந்து நிறுவனங்கள் சுமார் 360 கோடி ரூபாய் கொடுத்து வாங்கின.

அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பு 2006 ஜூலையிலும் இதே ஊர்தான், இதே பிரச்சினைதான். 10 சதவீதப் பங்கை விற்க மத்திய அரசு முடிவெடுத்தது. தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். கூட்டணியில் இருந்த தி.மு.க. கடுமையாக எதிர்த்தது. பிரதமர் மன்மோகன் சிங் பங்கு விற்பனை முடிவுகள் எல்லாவற்றையும் நிறுத்தி வைத்தார். நெய்வேலியால் ஒடிசாவில் அலுமினிய நிறுவனமான நால்கோவின் பங்கு விற்பனையும் நின்றது. கருணாநிதியும் ஜெயலலிதாவும் ஒரே பக்கம் நின்ற விஷயங்கள் எத்தனை? இது அவற்றில் ஒன்று.

அப்புறம் 2023 ஜூலை. சேத்தியாத்தோப்புக்கு அருகே வளையமாதேவியில், பரவனாற்றுக் கால்வாய்க்காகக் கதிர் பிடித்த நெல்வயலுக்குள் என்.எல்.சி.யின் மண் அள்ளும் இயந்திரங்கள் இறங்கின. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தியது என்றது நிறுவனம். நட்டு, தண்ணீர் கட்டி, அறுவடைக்குக் காத்திருந்தவர்களுக்கு அந்தக் காகிதம் என்ன ஆறுதல் தரும்? பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. என்.எல்.சி.யே வெளியேறு என்ற முழக்கம் கடலூர் மாவட்டத்தில் பெரிதாக எழுந்தது. 2024 மார்ச்சில் மத்திய அரசு இன்னொரு 7 சதவீதத்தை, பங்கு ஒன்றுக்கு 212 ரூபாய் அடிப்படை விலையில் விற்றது. தமிழ்நாடு வாங்கிய 2013-ல் விலை 60 ரூபாய் அளவில்தான் இருந்தது. விற்றது 2013-ஐப் போல இரண்டு மடங்கு. அன்றைய கொந்தளிப்பு மட்டும் இல்லை.

ஒரே நிறுவனம், ஒரே மாவட்டம். தனியார்மயத்தைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்பவர்கள் இந்த மூன்று ஜூலைகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். ஆதரவா எதிர்ப்பா என்று கேட்டால் ஏதோ ஒரு பதில் வரும். ஆனால் எதை விற்கிறார்கள், யாருக்கு, எவ்வளவு, நிலம் யாருடையது, போன பிறகு கேள்வி கேட்க யார் இருப்பார்கள் என்று பிரித்துக் கேட்டால் அதே மனிதர் ஐந்து பதில் சொல்வார். அதில் முரண்பாடு எதுவும் இல்லை.

இதற்கு நல்ல சான்று வெளியில் இருக்கிறது. ஐரோப்பிய மறுசீரமைப்பு வளர்ச்சி வங்கியும் உலக வங்கியும் 2006-ல் கிழக்கு ஐரோப்பாவிலும் முன்னாள் சோவியத் நாடுகளிலும், 28 நாடுகளில் சுமார் 28,000 பேரிடம் கருத்துக் கேட்டன. அங்கே 90-களில் ஆலைகளும் சுரங்கங்களும் அடிமாட்டு விலைக்குப் போயிருந்தன. வேண்டும், வேண்டாம் என்று இரண்டு கட்டம் மட்டும் போடாமல் பல வழிகளைக் கொடுத்துக் கேட்டார்கள். நடந்த விற்பனையை ஏதாவது ஒரு விதத்தில் திருத்த வேண்டும் என்றவர்கள் பத்தில் எட்டுப் பேர். ஆனால் அரசே திரும்ப எடுத்து அரசிடமே வைத்திருக்க வேண்டும் என்றவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மற்றவர்களில் பலர் கேட்டது, வாங்கியவர் உரிய விலையைக் கொடுக்கட்டும் என்பது. இன்னும் சிலர், திரும்ப எடுத்து ஒளிவுமறைவில்லாமல் மறுபடி விற்கட்டும் என்றார்கள். விற்ற விதம்தான் அவர்களை உறுத்தியது.

சரி, நம் ஊருக்கு வருவோம். ஓர் அரசு நிறுவனத்தை என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு நடைமுறையில் நான்கு வழிகள் இருக்கின்றன. நான்கும் இந்தியாவில் நடந்து பார்த்தவை.

முழுதாக விற்பது

இதில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ஏர் இந்தியா. டாடா 1932-ல் தொடங்கியது, 1953-ல் நாட்டுடைமை ஆனது, 2022 ஜனவரியில் டாடாவிடமே திரும்பிப் போனது. இந்த விற்பனைக்கு எதிராக ஊர் ஊராகப் போராட்டம் எதுவும் நடக்கவில்லை. ஊழியர் சங்கங்கள் எதிர்த்தன, அவர்களுடைய கவலை நியாயமானது. ஆனால் பொதுமக்கள் பெரிதாக அசையவில்லை. காரணம் எளிது. விமானத்தில் போகாதவர்தான் இங்கே அதிகம். போகிறவருக்கும் வேறு நிறுவனங்களின் விமானங்கள் இருந்தன. நாளுக்கு 20 கோடி ரூபாய் நட்டம் என்று அரசே சொல்லிக்கொண்டிருந்தது.

இந்த விற்பனை சரி என்றே நான் நினைக்கிறேன். ஆனால் கணக்கை முழுதாகப் பார்க்க வேண்டும். 18,000 கோடிக்கு விற்றார்கள் என்றால், கைக்கு வந்த பணம் 2,700 கோடி. மீதி 15,300 கோடி, வாங்கியவர் ஏற்றுக்கொண்ட கடன். 2021 ஆகஸ்ட் இறுதியில் ஏர் இந்தியாவின் மொத்தக் கடன் 61,562 கோடி. டாடா ஏற்றது போக 46,262 கோடி அரசின் தலையிலேயே நின்றது, அதாவது நம் தலையில். 2018-ல் 76 சதவீதத்தை விற்க முயன்றபோது கேட்டு ஒருவரும் வரவில்லை. விற்பதென்று மனதுக்குள் முடிவெடுத்துவிட்டு, சரிசெய்யவும் செய்யாமல், விற்கவும் செய்யாமல் இழுத்த ஒவ்வொரு ஆண்டுக்கும் வரி கட்டுகிறவர் விலை கொடுத்திருக்கிறார். விற்பதைவிட, விற்காமலும் நடத்தாமலும் வைத்திருப்பதுதான் ஆகப் பெரிய செலவு.

இதன் மறுபக்கம் பால்கோ. 2001-ல் சத்தீஸ்கரின் கோர்பாவில் இருக்கும் அந்த அலுமினிய ஆலையின் 51 சதவீதத்தை 551.5 கோடிக்கு ஸ்டெர்லைட்டுக்கு விற்றார்கள். ஆலையும் அதைச் சுற்றி ஊரும், ஊருக்கு அடியில் பழங்குடி மக்களின் மண்ணும் சேர்ந்தது அது. தொழிலாளர்கள் 67 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அன்றைய முதல்வர் அஜித் ஜோகி, அந்தப் பங்குகளை மாநிலமே வாங்கிக்கொள்ளும் என்றார். எடுபடவில்லை. இது அரசின் கொள்கை முடிவு, நீதிமன்றம் தலையிடாது என்று 2001 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஏர் இந்தியாவுக்குக் கிடைத்த அமைதி பால்கோவுக்கு ஏன் கிடைக்கவில்லை? விமானம் பறந்து போய்விடும். ஆலை ஒரு ஊரின் மண்ணில் உட்கார்ந்திருக்கிறது.

மண் என்றதும் வி.எஸ்.என்.எல். கதையைச் சொல்லாமல் போக முடியாது. வெளிநாட்டுத் தொலைபேசி இணைப்பைக் கையாண்ட அரசு நிறுவனம் அது. 2002-ல் அதன் 25 சதவீதப் பங்கையும் நிர்வாகத்தையும் 1,439 கோடிக்கு டாடாவுக்குக் கொடுத்தார்கள். அந்த நிறுவனத்திடம் டெல்லி, புனே, கொல்கத்தா, சென்னையில் 773 ஏக்கர் உபரி நிலம் இருந்தது. அது விற்பனையில் சேராது, தனியாகப் பிரிக்கப்படும் என்பது ஒப்பந்தம். நல்ல ஒப்பந்தம்தான். ஆனால் அந்த நிலத்தைப் பிரித்துத் தனி நிறுவனத்தின் பெயருக்குக் கொண்டுவர பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல் ஆகிவிட்டது. நிலத்தை முதலில் பிரித்து வைத்துவிட்டு அப்புறம் விற்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டியதில்லை.

கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு விற்பது

1991-92-ல் தொடங்கி இன்றுவரை அரசுகளுக்கு மிகவும் பிடித்த வழி இது. நிர்வாகம் அரசிடமே இருக்கும், பட்ஜெட்டுக்குப் பணமும் வரும், பலகையில் பெயரும் மாறாது. மக்களும் இதை வேறு கண்ணோடு பார்க்கிறார்கள். 2022 மே மாதம் எல்.ஐ.சி.யின் 3.5 சதவீதம் விற்பனைக்கு வந்தபோது சங்கங்கள் எதிர்த்தன. அதே நேரத்தில் பாலிசிதாரர்களுக்கென்று ஒதுக்கிய பங்குகளுக்கு, இருந்ததைப் போல ஆறு மடங்கு விண்ணப்பம் குவிந்தது. எல்.ஐ.சி.யை விற்காதே என்று வாட்ஸ்அப்பில் எழுதியவரே டீமேட் கணக்கு திறந்து விண்ணப்பமும் போட்டிருப்பார். அவரைக் குறை சொல்லத் தோன்றவில்லை. இது என் நிறுவனம் என்ற ஒரே உணர்வுதான் இரண்டையும் செய்ய வைக்கிறது. 949 ரூபாய்க்கு வந்த பங்கு முதல் நாளே 867-ல் தொடங்கியது, அது வேறு வருத்தம்.

இந்த வழியில் எனக்கு இருக்கும் பயம், இது எங்கே முடியும் என்று யாரும் சொல்வதில்லை என்பது. நெய்வேலியையே பாருங்கள். 93.56 ஆக இருந்தது 2013-க்குப் பிறகு படிப்படியாகக் குறைந்து 2024 மார்ச்சில் 72.2 ஆனது. ஒவ்வொரு படியும் சிறியது, எந்தப் படியிலும் ஊர் திரண்டு நிற்க முடியவில்லை. 51-க்குக் கீழே போகமாட்டோம் என்று எழுத்தில் தருவீர்களா என்பதுதான் இந்த வழியை முன்வைக்கிறவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

அப்படியே வைத்துக்கொண்டு சீர்செய்வது

விசாகப்பட்டினம் எஃகு ஆலையை ஆந்திர மக்கள் வெறும் ஆலையாகப் பார்ப்பதில்லை. 1966-ல் ஆலை கேட்டு நடந்த போராட்டத்தில் 32 பேர் உயிரை விட்டார்கள். ‘விசாக உக்கு, ஆந்திருல ஹக்கு’ என்பது முழக்கம். உக்கு என்றால் எஃகு, ஹக்கு என்றால் உரிமை. 2021 ஜனவரியில் அதை நூறு சதவீதம் விற்க மத்திய அமைச்சரவைக் குழு கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்தபோது அந்தப் பழைய முழக்கம் அப்படியே திரும்பி வந்தது. எந்தக் கட்சியாலும் வெளிப்படையாக விற்பனையை ஆதரிக்க முடியவில்லை. 2025 ஜனவரியில் 11,440 கோடி ரூபாய் மீட்புத் தொகுப்பை மத்திய அரசு அறிவித்தது.

மக்கள் வென்றார்கள் என்று மகிழலாம். நானும் மகிழ்ந்தேன். ஆனால் அந்த ஆலைக்குச் சொந்தமாக இரும்புத்தாது சுரங்கம் இல்லை. போட்டி நிறுவனங்கள் சொந்தச் சுரங்கத்திலிருந்து தாது எடுக்கும்போது, இது வெளியில் விலை கொடுத்து வாங்கியது. அந்தக் குறை இருக்கும்வரை எத்தனை ஆயிரம் கோடி கொடுத்தாலும் கொஞ்ச நாளில் இன்னொரு தொகுப்பு கேட்க வேண்டி வரும். சீர்செய்கிறோம் என்பவர்கள் பணத்தைச் சொல்கிறார்கள், காரணத்தைத் தொடுவதில்லை.

சேலம் உருக்காலையும் இதே வகை. 1970-ல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். விளைநிலத்தைக் கொடுத்த விவசாயிகள், வீட்டுக்கு ஒருவருக்கு வேலை, ஊருக்கு வளர்ச்சி என்று நம்பிக் கொடுத்தார்கள். 2016-ல் விற்க முடிவு, 2019-ல் வாங்க விருப்பமுள்ளவர்களுக்கு அழைப்பு. அப்போது கேட்ட குரல்களில் எனக்கு முக்கியமாகப் பட்டது தொழிற்சங்கத்தின் குரல்கூட இல்லை, நிலம் கொடுத்தவர்களின் குரல்தான். நாங்கள் அரசாங்கத்துக்குத்தானே கொடுத்தோம், நீங்கள் எப்படி இன்னொருவருக்கு விற்பீர்கள்? சட்டப்படி இதற்குப் பதில் இருக்கலாம். நியாயப்படி இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

2021 பிப்ரவரியில் வந்த மத்திய அரசின் கொள்கை இந்த ஊர்களின் தலைவிதியை ஒரு பட்டியலில் அடக்கப் பார்க்கிறது. அணுசக்தி, விண்வெளி, பாதுகாப்பு, போக்குவரத்து, தொலைத்தொடர்பு, மின்சாரம், பெட்ரோலியம், நிலக்கரி, கனிமம், வங்கி, காப்பீடு. நான்கு தொகுதிகளாகப் பிரித்த இந்தத் துறைகளில் குறைந்தபட்ச அளவுக்கு அரசு இருக்கும். மற்றவை விற்கப்படும், இணைக்கப்படும் அல்லது மூடப்படும். இதன்படி நெய்வேலி ஒரு பக்கம், சேலம் மறுபக்கம். பட்டியல் தொழிலைப் பார்க்கிறது, நிலம் எப்படி வந்தது என்று பார்ப்பதில்லை.

மாநிலத்திடம் கொடுப்பது

நால்வரில் அதிகம் பேசப்படாத தம்பி இது. எனக்கு நம்பிக்கை தருவதும் இதுதான். 2013-ல் நெய்வேலியில் நடந்தது இதன் சிறிய வடிவம். கேரளம் இதைப் பெரிதாகவே செய்து பார்த்திருக்கிறது. கோட்டயம் மாவட்டம் வெள்ளூரில் இருந்த இந்துஸ்தான் நியூஸ்பிரிண்ட் என்ற மத்திய அரசின் காகித ஆலை மூடிக் கிடந்தது. திவால் தீர்ப்பாயம் வழியாக மாநில அரசு அதைச் சுமார் 146 கோடிக்கு எடுத்து, கேரளா பேப்பர் புராடக்ட்ஸ் என்று பெயர் மாற்றி 2022-ல் மறுபடி ஓடவிட்டது. காசர்கோட்டில் மத்திய அரசின் பெல் (BHEL) நிறுவனத்திடம் இருந்த ஒரு துணை நிறுவனத்தையும் மாநிலமே எடுத்துக்கொண்டது.

ஆனால் 2022-ல் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய அரசு நிறுவனமான எச்.எல்.எல். லைஃப்கேர் விற்பனைக்கு வந்தபோது, கேரளம் ஏலத்தில் கலந்துகொள்ளவே மத்திய அரசு அனுமதிக்கவில்லை. அரசிடம் 51 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கும் நிறுவனங்கள், கூட்டுறவுகள் உட்பட, தனி ஒப்புதல் இல்லாமல் இந்த மாதிரி ஏலங்களுக்கு வரக்கூடாது என்பது நிலைப்பாடு. ஒரு அரசிடமிருந்து இன்னொரு அரசுக்குப் போனால் சீர்திருத்தம் எங்கே என்பது அவர்கள் வாதம். அதில் ஒரு பாதி நியாயம் இருக்கிறது. மாநில அரசுகள் நடத்தும் நிறுவனங்கள் எல்லாம் லாபத்தில் கொழிக்கின்றன என்று யாரும் சொல்ல முடியாது. நம் போக்குவரத்துக் கழகங்களின் நட்டக் கணக்கு ஊரறிந்தது.

அதே போக்குவரத்துக் கழகத்தை இன்னொரு பக்கமும் பாருங்கள். கொங்கு வட்டாரத்தில் அரசுப் பேருந்தும் தனியார் பேருந்தும் ஒரே தடத்தில் ஓடுகின்றன. அவசரமாகப் போகிறவர் முதலில் வருகிற வண்டியில் ஏறுகிறார், யாருடையது என்று பார்ப்பதில்லை. 2021 மே மாதத்துக்குப் பிறகு வேலைக்குப் போகும் பெண்கள் அரசு நகரப் பேருந்துக்குக் காத்து நிற்கிறார்கள், அதில் அவர்களுக்குக் கட்டணம் இல்லை. தனியார் வண்டியே கால் வைக்காத மலைக் கிராமத்துக்கு நாளைக்கு இரண்டு தடவை போவதும் அரசு வண்டிதான். இப்படி மூன்று விதமாக நடந்துகொள்கிறவர்களிடம் போய் தனியார்மயம் சரியா என்று ஒரே கேள்வி கேட்டால் என்ன தெரிந்துவிடும்?

எதை வைத்து முடிவெடுப்பது

நான் பார்க்கும் முதல் விஷயம், மக்களுக்கு வேறு கதி இருக்கிறதா என்பது. ஏர் இந்தியா பிடிக்கவில்லை என்றால் வேறு விமானம். குழாய்த் தண்ணீர் பிடிக்கவில்லை என்றால் வேறு குழாய் கிடையாது. பெர்லின் நகரம் 1999-ல் தன் குடிநீர் நிறுவனத்தில் பாதியை, 49.9 சதவீதத்தை, தனியாருக்குக் கொடுத்தது. ஒப்பந்தம் ரகசியம். கட்டணம் ஏறியது. மக்கள் கையெழுத்து வாங்கி 2011 பிப்ரவரியில் ஒரு வாக்கெடுப்பைக் கொண்டுவந்தார்கள். அவர்கள் கேட்டது, திரும்ப வாங்கு என்றுகூட இல்லை, ஒப்பந்தத்தைக் காட்டு என்பதுதான். ஆறரை லட்சத்துக்கும் அதிகமானோர் ஆதரித்து வாக்களித்தார்கள், பதிவானதில் 98 சதவீதம். 2013 முடிவதற்குள் நகரம் இரண்டு தனியார் நிறுவனங்களிடமிருந்தும் பங்கைத் திரும்ப வாங்கிக்கொண்டது. வேறு கதி இல்லாத சேவையை விற்கக் கூடாது என்பது என் முடிவு. மாற்று உள்ள சேவையை, நட்டம் மலையாகும் முன்பே விற்றுவிடுவது நல்லது.

இரண்டாவது, நிலம். நிலம் கொடுத்த தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கும் ஊரில் முழு விற்பனை கூடவே கூடாது என்பேன். சேலம் உருக்காலைக்கு இதுதான் பொருந்தும். கூட்டாளியைச் சேர்த்துக்கொள்ளட்டும், புதிய முதலீடு வரட்டும், மாநிலம் முன்வந்தால் மாநிலம் எடுக்கட்டும். ஆலைக்கு வெளியே கிடக்கும் காலி நிலம் மட்டும் எந்த ஏலத்திலும் சேரக் கூடாது.

நெய்வேலிக்கு வந்தால் எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. ஏனென்றால் இங்கே அரசிடம் இருப்பதும் போதவில்லை. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கண்ட கறுப்பு மண்ணிலிருந்து, 1957-ல் நேரு தொடங்கிவைத்த சுரங்கம் வரை, இது நம்முடையது என்று தமிழர்கள் பெருமையோடு சொன்ன நிறுவனம். ஆனால் சுரங்கம் விரிய விரிய ஊரை விட்டு நகர்ந்தவர்களுக்கும், பல ஆண்டு வேலை செய்தும் நிரந்தரம் ஆகாத ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் அந்த ‘நம்முடையது’ எட்டவே இல்லை. மத்திய அரசிடம் இருக்கிறது என்பதற்காக வளையமாதேவியில் இயந்திரம் வயலுக்குள் இறங்காமல் இருக்கவில்லை. 2006-ல் காத்த ஊர் 2023-ல் கைவிட்டது இதனால்தான். தனியாரிடம் போனால் இது இன்னும் மோசமாகும் என்று நினைப்பதால் நான் விற்பனையை எதிர்க்கிறேன். இன்று இருப்பது நன்றாக இருக்கிறது என்பதால் எதிர்க்கவில்லை.

அதனால் நெய்வேலிக்கு என் தேர்வு, நான்காவது வழியும் இரண்டாவது வழியும் சேர்ந்தது. மத்திய அரசின் பங்கு 51-க்குக் கீழே போகாது என்று எழுத்தில் வரட்டும். இனி விற்கும் ஒவ்வொரு பங்கும் முதலில் தமிழ்நாடு அரசுக்குக் காட்டப்பட வேண்டும், 2013-ல் செபியே ஒத்துக்கொண்ட வழிதான் இது. எல்.ஐ.சி. வெளியீட்டில் பத்தில் ஒரு பங்கைப் பாலிசிதாரர்களுக்கு, விலையில் 60 ரூபாய் குறைத்து, ஒதுக்க முடிந்தது. நெய்வேலியில் அடுத்த முறை பங்கு விற்கும்போது நிலம் கொடுத்த குடும்பங்களுக்கும் அப்படி ஒதுக்க வேண்டும். வாங்கக் காசில்லாத குடும்பத்துக்கு, இழப்பீட்டின் ஒரு பகுதியாகவே பங்கு கொடுக்கலாம்.